சாயங்காலத்தைக் காணோம்

“எங்கேய்யா என் தங்கம்?”

முதலாளி இப்படிக் கேட்டதும் தலைமை ஓவியர் தராசு அவசரமாக அவர் கழுத்தைப் பார்த்தார். சங்கிலி இருந்தது. விரலைப் பார்த்தார். மோதிரமும் இருந்தது.

“என்னை ஏன்யா பார்க்கிற? திரையைப் பாரு! நான் கிளம்பும்போது சாயங்காலம் அப்படியே தகதகன்னு இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு வந்து பார்த்தா காணோம். என்ன பண்ணி வெச்சிருக்க?”

மீட்டிங் அறைச் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த பெரிய திரையில் ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் ஆறு, கரையில் புல், புல்லில் ஒரு வெள்ளைக் குதிரை, குதிரையின் மேல் வில்லோடு ஒருத்தி, தூரத்தில் ஒரு விளக்கு. கம்பெனி இரண்டு வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கும் வீடியோ கேமின் முதல் காட்சி அது. வானம் வெளிறிப்போய் ஒரு மாதிரி பால் நிறத்தில் இருந்தது.

“எதையும் தொடல சார். அதே சாயங்காலம்தான்.”

“இதுவா சாயங்காலம்? பால்காரன் கதவைத் தட்டுற நேரம் மாதிரி இருக்கு! ஒரே நீலம். கண்ணைக் குத்துது.” முதலாளி மேஜையை ஓங்கித் தட்டினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டிக்கு அனுப்பணும். இந்த வருஷத்தோட அழகான கேம் எதுன்னு பரிசு குடுக்கிறாங்க. நம்ம கேம்ல கதை கிடையாது. சண்டை சுமார். பாட்டு காது குடுத்துக் கேக்க முடியல. எல்லாத்தையும் உன் தங்கத்தை நம்பித்தான்யா விட்டு வெச்சிருக்கேன். அது திரும்பி வரலைன்னா, தலைமை ஓவியர்னு உன் மேஜையில ஒரு பலகை இருக்கு பாரு, அதைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பிடு.”

சுற்றி உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு முதலாளியைப் பார்த்தார்கள். “ஆமா சார், தங்கத்தைக் காணோம்” என்றார்கள்.

தராசும் பார்த்தார். உண்மையாகவே அங்கே தங்கத்தைக் காணோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அந்தப் படம் சாயங்காலமே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தராசு மூன்று மாசம் ராப்பகலாக உட்கார்ந்து வரைந்தது ஒரு விடிகாலை. மழை விட்டு, பனி இறங்கி, சூரியன் இன்னும் எழுந்திருக்காத நேரம். அதை முதலாளிக்குப் போட்டுக் காட்டினார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து, திரைக்குப் பக்கத்தில் போய், மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தார்.

“அடேங்கப்பா! என்ன ஒரு சாயங்காலம்! தங்கத்தை உருக்கி ஊத்தின மாதிரி இருக்கேய்யா!”

‘சார், அது காலை’ என்று சொல்லத் தராசு வாயெடுத்தார். அதற்குள் பன்னிரண்டு பேரும் “ஆமா சார், தங்கம்! தங்கம்!” என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி அந்த இடத்திலேயே அவரைத் தலைமை ஓவியர் ஆக்கினார். நாற்பத்தாறு வயது வரைக்கும் அந்த மனுஷர் வரைந்ததை ‘நல்லா இருக்கு’ என்று ஒருத்தரும் சொன்னதில்லை. வீடு தேடி வந்த சீதேவியைக் காலால் உதைக்க அவருக்கென்ன பைத்தியமா? வாயை மூடிக்கொண்டார். தன் இடத்துக்கு வந்து, ‘காலை’ என்று இருந்த கோப்பின் பெயரை மட்டும் ‘சாயங்காலம்’ என்று மாற்றினார். அந்தச் சாயங்காலத்துக்காக அவர் செய்த வேலை மொத்தமும் அவ்வளவுதான்.

ஆனால் ஊரே சேர்ந்து ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தால் மனசு என்ன செய்யும்? தங்கம், தங்கம் என்று காதில் விழ விழ, அவருக்கும் மலை ஓரத்தில் லேசாகத் தெரிய ஆரம்பித்தது. ஆறு மாசத்தில் ஆற்றில் தெரிந்தது. ஒரு வருஷத்தில் குதிரையின் பிடரி வரைக்கும் வந்துவிட்டது. தனக்கே தெரியாமல் தன் கை செய்த அற்புதம் என்று நம்பிவிட்டார், பாவம்.

அப்புறம் அவர் பேச்சே மாறிப்போனது. வெளிச்சத்தை எல்லாம் கணக்குப் போட்டு அமைக்கிற ப்ரோக்ராமர் பெண் ஒருத்தி அந்த ஆபீசில் இருந்தாள். எந்த நிறத்தைக் கேட்டாலும் எண்ணாகத்தான் சொல்லுவாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் இவர், “எண்ணை நம்பாதேம்மா, கண்ணை நம்பு. கண்ணுதான் தராசு” என்பார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். முதலாளிக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போய், ‘எண்ணை நம்பாதே, கண்ணை நம்பு’ என்று ஆபீஸ் சுவரில் ஒரு அடி உயர எழுத்தில் எழுதி வைத்துவிட்டார்.

அந்தச் சுவரின் கீழேதான் இப்போது தராசு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலாளியும் வெளிநாடு போய்விட்டு வந்ததிலிருந்து ஒரு தினுசாகத்தான் இருந்தார். திங்கட்கிழமை காலையில் உள்ளே நுழைந்ததுமே, “என்னைக் கேக்காம யார் சுவருக்கு வெள்ளை அடிச்சது?” என்று கத்தினார். சுவருக்கு வெள்ளை அடித்து மூன்று வருஷமாயிற்று. கேமை ஆடிப் பார்க்கிற டெஸ்டரைப் பார்த்து, “சட்டை புதுசா?” என்றார். அவன் அதே சட்டையைத்தான் வாரத்துக்கு இரண்டு நாள் போட்டுக்கொண்டிருந்தான். லிஃப்ட் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்று மாடி வரைக்கும் பேசவில்லையாம். முதலாளிக்கு ஒன்பது வருஷமாக நாற்பத்தெட்டு வயதுதான், அதனால் யாரும் காரணம் கேட்கவில்லை. வெளிநாட்டுத் தண்ணி ஒத்துக்கவில்லை போல என்று பேசிக்கொண்டார்கள்.

தராசு ப்ரோக்ராமரின் மேஜைக்குப் போனார்.

“அம்மா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்து வெச்ச பழைய காப்பி ஏதாவது இருக்கா?”

“இருக்கு சார். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெக்கறேன். பாருங்க.”

பார்த்தார். உரித்து வைத்த மாதிரி இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இரண்டிலும் தங்கம் இல்லை.

“வானத்துல சிவப்பு இருநூத்தி ஒண்ணு, பச்சை இருநூத்தி எட்டு, நீலம் இருநூத்திப் பதினாறு” என்றாள் அவள். “அன்னைக்கும் இதே, இன்னைக்கும் இதே. நீலம்தான் சார் தூக்கல். எப்பவுமே தூக்கல்.”

“எண்ணுக்கு என்னம்மா தெரியும்...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பழைய காப்பியை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார். “சார், சத்தியமா நான் எதையும் மாத்தல. எண் கூட அப்படியே இருக்கு, பாருங்க.”

முதலாளி அந்தப் படத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“அடப்பாவி! பழைய காப்பியையும் கெடுத்துட்டியா?”

“சார், எண்ணைப் பாருங்க சார்...”

முதலாளி கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். ஒரு அடி உயர எழுத்து. தராசு தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். அன்று மத்தியானமே அவருடைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டார்கள். அவர் வரைந்த படத்தை அவரே திறக்க, ப்ரோக்ராமரிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

செவ்வாய்க்கிழமை, குற்றம் வெளிச்சத்தில்தான் என்று முடிவு கட்டினார். தலைக்கு மேலே இருந்த ட்யூப்லைட் அத்தனையும் கழற்றினார். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டினார். இருட்டில் பாட்டுப் போடுகிறவர் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டு நெற்றி வீங்க உட்கார்ந்தார். யாரோ யாருடைய காபியையோ குடித்து அதற்கு ஒரு தகராறு. முதலாளி தடவித் தடவி வந்து திரையைப் பார்த்தார்.

“இருட்டுல இன்னும் பளிச்சுனு நீலமா இருக்கேய்யா!”

“ஆமா சார், நீலம்” என்று இருட்டுக்குள்ளிருந்து பன்னிரண்டு குரல் கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்தபோது தராசின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மனைவி பார்த்தாள். ஆனால் அவளுக்கு வேறு கவலை.

“என்னங்க, சோஃபாவுக்கு ஏத்த மாதிரி கர்ட்டன் துணி வாங்கிட்டு வரச் சொன்னேனே?”

“வாங்கிட்டேன்” என்று பையைக் கொடுத்தார்.

அவள் துணியைப் பிரித்தாள். சோஃபா மேல் வைத்தாள். துணியைப் பார்த்தாள், சோஃபாவைப் பார்த்தாள், கடைசியில் இவரைப் பார்த்தாள்.

“சோஃபா என்ன நிறம்?”

“பச்சை.”

“இது?”

“இதுவும் பச்சைதானே?”

“இது பாசி. அது கிளி. ஊருக்கெல்லாம் நிறம் சொல்ற மனுஷனுக்குப் பாசிக்கும் கிளிக்கும் வித்தியாசம் தெரியலையா?”

வேறு எந்த வீட்டிலும் இது ஒரு விஷயமே இல்லை. எந்தப் புருஷன் கர்ட்டனைச் சரியாக வாங்கினான்? ஆனால் தராசு அப்படியே சோஃபாவில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆபீசுல தங்கம் தெரிய மாட்டேங்குது. இங்கே பச்சை தெரியல. என் கண்ணு போயிடுச்சோ?” என்றார்.

“சும்மா இருங்க. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். கண்ணு கெட்டா மஞ்சளே தெரியாதுன்னு நீங்கதான் புதுசா சொல்றீங்க.”

அவர் சிரிக்கவில்லை. கண்தான் அவருக்குச் சோறு போட்டது. இந்த வயதில் கண் போனால் அவருக்கு வேறு என்ன வேலை தெரியும்? ஒரு ஆணி அடிக்கக்கூட வராது. ராத்திரி முழுக்க ஒரு கண்ணை மூடி மின்விசிறியைப் பார்த்தார், அப்புறம் அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார்.

புதன்கிழமை ட்யூப்லைட்டைத் திரும்ப மாட்டும்போது ஒரு துணிச்சல் வந்தது. தங்கத்தைத் தேடினால்தானே கிடைக்கவில்லை, ஊற்றிவிட்டால் என்ன? ப்ரோக்ராமரை உட்காரவைத்து வானத்தில் மஞ்சளை ஏற்றச் சொன்னார்.

“எவ்வளவு சார்?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா எண்ணு என்ன சார்?”

“கண்ணால பார்த்து ஏத்தும்மா!”

ஏற்றினாள். முதலாளி வந்து பார்த்து, “லேசா வருது. இன்னும் போடு” என்றார். போட்டார்கள். “இன்னும்” என்றார். இன்னும் போட்டார்கள். வெள்ளைக் குதிரை இப்போது சாக்குப்பை நிறத்துக்கு வந்திருந்தது. புல் வைக்கோலாயிற்று. ஆறு, நாலு நாள் பைப்பைத் திறக்காமல் வைத்துத் திறந்தால் வருமே, அந்தத் தண்ணீர் மாதிரி ஓடியது. வில்லோடு இருந்தவளைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் போல இருந்தது.

மத்தியானம் டெஸ்டர் எழுந்து வந்தான். கேமை நாள் முழுக்க ஆடி ஆடித் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவனுக்குச் சம்பளம்.

“சார், நான் காலையிலேர்ந்து நாப்பத்தோரு தடவை செத்துட்டேன்.”

“ஏன்?”

“மலை ஏறணும் சார். எந்தப் பாறையில கை வெக்கணும்னு ஆடுறவங்களுக்குத் தெரியறதுக்காக மஞ்சள் பெயின்ட் அடையாளம் வெச்சோம்ல? இப்ப மலையே மஞ்சளா இருக்கு. எங்க கை வெச்சாலும் பள்ளத்துல விழறேன்.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். தராசு நெற்றியில் அடித்துக்கொண்டு, நானூற்றுச் சொச்சம் அடையாளத்தையும் நீலமாக மாற்றச் சொன்னார். விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்து மாற்றினார்கள். டெஸ்டர் முதல் தடவையாகச் சாகாமல் மலை உச்சிக்குப் போய்க் கையைத் தூக்கினான். எல்லாரும் கைதட்டினார்கள்.

முதலாளி வந்தார்.

“என்னய்யா இது மலை முழுக்க நீலம் நீலமா? கத்துதேய்யா! யாரோ சட்டைப் பையில இங்க் பேனாவை உடைச்ச மாதிரி இருக்கு. எடு எல்லாத்தையும்!”

“எடுத்தா மலை ஏற முடியாது சார்” என்றான் டெஸ்டர்.

“எவன்டா ஏறச் சொன்னான்? கீழ நின்னு அழகைப் பார்க்கட்டும்!”

“ஆமா சார், பார்க்கட்டும்” என்றார்கள் பன்னிரண்டு பேரும். டெஸ்டரும் சேர்ந்துதான் சொன்னான்.

வியாழக்கிழமை தராசு சவரம் பண்ணாமல் வந்தார். முதலாளியே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“பாருய்யா, நிறம் மட்டும் இல்ல. முன்னே எல்லாம் ஓரம் மிருதுவா இருக்கும். ஒண்ணோட ஒண்ணு உருகிப்போய் இருக்கும். இப்ப ஒவ்வொரு புல்லும் தனித்தனியாத் தெரியுது. எவனுக்கு வேணும் புல்லு?”

அந்தப் புல்லை ஒவ்வொன்றாக வரைந்தவர் தராசு. முழங்கையில் வலி வந்து, வைத்தியம் பார்த்து, கட்டோடு உட்கார்ந்து வரைந்த புல். “சரி சார்” என்றார்.

பனி மூட்டத்தை ஏற்றினார்கள். “இன்னும்” என்றார் முதலாளி. குதிரையின் கால் மறைந்தது. “இன்னும்.” மலை கரைந்தது. “இதுல கொஞ்சம் மஞ்சள்.” ஆற்றுக்கும் கரைக்கும் வித்தியாசம் போயிற்று. “இதுல கொஞ்சம் தேன் நிறம்.” விளக்கைச் சுற்றி ஒரு வளையம் வேண்டும் என்றார், போட்டார்கள். கடைசியில், எண்ணெய்க் கையால் தடவின அழுக்குக் கண்ணாடி வழியாக, புழுதிக்காற்று அடிக்கிற நாளில் எட்டிப் பார்த்த மாதிரி ஒரு படம் திரையில் நின்றது. குதிரை எது, குதிரை மேல் இருப்பவள் எது என்று வரைந்தவருக்கே தெரியவில்லை.

முதலாளி எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போனார். மூக்கு இடிக்கிற மாதிரி நின்றார். அவர் தோள் குலுங்கியது.

“இதுதான்யா! இதுதான்! என் தங்கம் திரும்பி வந்துடுச்சு!” கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசைக் கட்டிப் பிடித்தார். “கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்யா. அப்படியே பழைய மாதிரியே கொண்டு வந்துட்ட. ஒரு நூல் கூட வித்தியாசம் இல்ல. இனிமே நம்ம கேம் எல்லாமே இப்படித்தான் இருக்கணும்!”

“தங்கம் சார்! தங்கம்!” என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

தராசு திரையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, எப்படி எப்படியோ பார்த்தார். அழுக்குத்தான் தெரிந்தது. ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. ஒரு வருஷமாகப் பிடரி வரைக்கும் பார்த்த தங்கம், இன்று அத்தனை பேர் பார்த்து ஆனந்தப்படுகிற தங்கம், அவர் ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் இல்லை.

ப்ரோக்ராமரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அம்மா, நிஜத்தைச் சொல்லு. உனக்குத் தங்கம் தெரியுதா?”

அவள் யோசித்தாள். “எனக்கு எப்படி சார் தெரியும்? நான் எண்ணைப் பார்க்கிறவ. கண்ணு உங்களுக்குத்தானே இருக்கு.”

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கேம் போட்டிக்குப் போயிற்று. முதலாளி தன் கையாலேயே பட்டனை அழுத்தினார். பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். தராசு தன் இடத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதினார்.

‘மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு. என் கண் கெட்டுவிட்டது. எல்லாரும் பார்க்கும் அழகு எனக்குத் தெரியவில்லை. தங்கம் எது, அழுக்கு எது என்று தெரியாதவன் தலைமை ஓவியர் என்ற பலகைக்குப் பின்னால் உட்காரக் கூடாது. என்னை வேலையிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன்.’

அனுப்பிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். ஒருவேளை முதலாளி கூப்பிடுவார், ‘போகாதே’ என்பார் என்று அடி மனசில் ஒரு நப்பாசை. நேற்றுத்தானே கட்டிப் பிடித்தார்?

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. ‘உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. கண்ணு சரியில்லாதவங்களை வெச்சு இந்தத் தொழில் பண்ண முடியாது. பலகையை மேஜையிலயே வெச்சுட்டுப் போ.’

பலகையைக் கழற்றும்போது ஒரு திருகாணி வரவில்லை. ப்ரோக்ராமர் வந்து கழற்றிக் கொடுத்தாள். தராசு பையை எடுத்துக்கொண்டு ஒரு அடி உயர எழுத்துக்குக் கீழே நடந்து வெளியே போனார். லிஃப்டில் ஆள் இல்லை. மூன்று மாடியும் அழுதுகொண்டே இறங்கினார்.

வீட்டில் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம்தானே எழுதுவாங்க? நீங்க எழுதிட்டு டாக்டரைத் தேடறீங்க!”

“காட்டி என்ன ஆகப்போவுது? போனது போனதுதான்.”

“எழுந்திரிங்க. உங்க ஆபீசுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கு. நாளைக்குக் காலையில முதல் ஆளாப் போறோம்.”

சனிக்கிழமை போனார்கள். வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். பெயர், வயது, வேலை பார்க்கும் இடம். மூன்றாவதில் தராசின் பேனா நின்றுவிட்டது. “இப்ப இல்ல. ஆனா நேத்து வரைக்கும் இருந்தேன்” என்றார். “அதையே எழுதுங்க சார்” என்றாள் அவள். கம்பெனியின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டார், விளக்கடித்தார், எழுத்தைப் படிக்கச் சொன்னார், புள்ளிப் படங்களில் மறைந்திருக்கும் நிறங்களைக் காட்டச் சொன்னார். தராசு ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஐயா, உங்க கண்ணுக்கு என்ன குறைச்சல்? கண்ணாடி மாதிரி இருக்கு. இந்த வயசுல இவ்வளவு துல்லியமா நிறம் பிரிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல.”

“அப்ப கர்ட்டன்?” என்றாள் மனைவி.

“அது கண்ணு வியாதி இல்லம்மா. எங்க வீட்டுலயும் அதே சண்டைதான்.”

தராசு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் சந்தோஷம் வர வேண்டாமா? அவருக்கு உலகமே இருண்டு வந்தது. கண் நன்றாக இருந்தால், தங்கம் ஏன் தெரியவில்லை? பன்னிரண்டு பேருக்குத் தெரிந்தது எப்படி? வேலை வேறு போயிற்று, அதுவும் இல்லாத நோயைச் சொல்லித் தன் கையாலேயே எழுதிக் கொடுத்து.

“வாங்க, போகலாம்” என்று மனைவி தோளைத் தொட்டாள்.

வெளியே வந்து, வரவேற்பைத் தாண்டி, வாசல் பக்கம் திரும்பினார். அங்கேயே நின்றுவிட்டார்.

சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. ஏதோ ஒரு தெரு, ஒரு மரம், இரண்டு மூன்று ஆட்கள். எல்லாம் மஞ்சளாக, தேனில் ஊறின மாதிரி, ஓரமெல்லாம் உருகி, தெருவிளக்கைச் சுற்றி ஒரு வளையத்தோடு. தெருவும் மரமும் யாருடையதோ. ஆனால் அந்த நிறம் அவருடையது. அந்த மூட்டம் அவருடையது. வியாழக்கிழமை முழுக்க ‘இன்னும், இன்னும்’ என்று முதலாளி கேட்டுக் கேட்டு வாங்கினது.

“இது... இது என் தங்கம்!” என்றார். “நேத்துத்தானே போட்டிக்கே போச்சு? அதுக்குள்ள யார் திருடிக் கொண்டாந்து இங்க மாட்டினது?”

“என்னங்க, சத்தம் போடாதீங்க” என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“தங்கமா? சார், அது கண்ணுல புரை விழுந்தவங்களுக்கு உலகம் எப்படித் தெரியும்னு காட்டறதுக்காக நாங்க மாட்டி வெச்சிருக்கிற படம்.” கையில் இருந்த படிவத்தைப் பார்த்தாள். “அட, நீங்க அந்த கேம் கம்பெனியா? உங்க முதலாளிக்குப் போன மாசம் நாங்கதானே ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தோம், பாவம், ரெண்டு வருஷத்துக்கு மேலயே மனுஷருக்கு எதைப் பார்த்தாலும் இப்படித்தான் தெரிஞ்சிருக்கு.”